திருமுருகன் கண்டுபிடித்த திருடன்

திருமுருகனுக்குத் திண்டிவனத்தில் ஒரு நெல் மண்டியில் எடை போடும் வேலை. வீட்டுக்கு வந்தால் அவன் துப்பறியும் அதிகாரி. இந்தப் பதவியை அவனுக்குக் கொடுத்தது டிவி. தமிழ்க் குரல் கொடுத்து ஓடிய ஒரு வெளிநாட்டுத் தொடரில், கோட்டு போட்ட நாலு பேர் செத்தவனின் போட்டோவைச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்ப்பார்கள். கொன்றவன் முப்பதைத் தாண்டியவன், தனிக்கட்டை, சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கியவன் என்று கடகடவென்று சொல்வார்கள். ஒரு மணி நேரத்தில் அச்சு அசலாக அப்படியே ஒருவன் மாட்டுவான். திருமுருகனின் மனைவி சூர்யகலாவுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே "இவந்தாங்க" என்று அவளும் பந்தயம் கட்டியிருக்கிறாள். ஒருத்தரிடம் ஒரு வார்த்தை பேசாமலே அவரை முழுசாகத் தெரிந்துகொள்ளலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

எதிர்வீட்டுச் சுப்பராயலு குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியபோது பீரோ திறந்து கிடந்தது. நகையெல்லாம் போய்விட்டது. அழுகைச் சத்தம் கேட்டு முதலில் ஓடியவன், அடுத்த தெருவில் குடியிருந்த சூர்யகலாவின் தம்பி வீரமுத்து. ஒயரிங் வேலைக்காரன். சுப்பராயலுவை வண்டியில் ஏற்றி ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனதும் அவன்தான், உடைந்த கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டதும் அவன்தான். அன்று சாயங்காலம் திருமுருகன் முகத்தில் ஒரு பளபளப்பு வந்தது.

"தப்பு செஞ்சவந்தான் மொத ஆளா வந்து ஒதவி பண்ணுவான். எத்தினி வாட்டி காமிச்சாங்க டிவியில? உந்தம்பிய யோசிச்சிப் பாரு. வயசு முப்பத்தி நாலு. கல்யாணம் இல்ல. தனியா ஆக்கித் துன்றான். வாயத் தொறந்து பேசறதில்ல. உங்கப்பாகிட்ட அடி வாங்கனவன்."

"எங்கப்பாகிட்ட நானுந்தாங்க அடி வாங்கனேன். என்னையும் சேத்துப் புடிச்சிக் குடுங்க."

அவன் அதோடு விட்டிருந்தால் பைத்தியக்காரத்தனம் என்று தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பாள். டீக்கடையில் போய்ச் சொன்னான். அந்தத் தொடரைப் பார்க்காத வீடு தெருவில் கிடையாது. எல்லாருக்கும் கணக்கு பொருந்திவிட்டது. போலீஸ் வீரமுத்துவைக் கூப்பிட்டுப் பகல் முழுக்க உட்காரவைத்து அனுப்பியது. அதற்குப் பிறகு ஃபேன் ஓடவில்லை என்றுகூட அவனை யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் மகள் பவானிக்குத் திருவாமாத்தூர் கோயிலில் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன்.

"போலீஸ் போயி வந்தவன் மடியில எம்பொண்ணு உக்காரக் கூடாது. எங்க பெரியப்பா மவன் மடியில வச்சிக் குத்திக்கலாம்" என்றான் திருமுருகன்.

பவானி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தவன் வீரமுத்து. அந்த ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தவர் நம் அதிகாரி. டிவியைத் தூக்கி நடுத்தெருவில் போட்டு உடைக்கச் சூர்யகலாவுக்குக் கை பரபரத்தது.

காதுகுத்துக்கு நாலு நாள் இருக்கும்போது திருடன் விழுப்புரத்தில் நகையோடு அகப்பட்டான். வீடு வீடாகத் தவணைக்குப் பாத்திரம் விற்க வருகிறவன். பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், கலகலவென்று ஓயாத பேச்சு. அவனைத் தங்கமான மனுசன் என்று திருமுருகனே வாயாரப் புகழ்ந்திருக்கிறான்.

புருஷன் தலையைக் குனிவான், தம்பி வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்வான் என்று சூர்யகலா காத்திருந்தாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே டிவியைப் பார்த்தான்.

"சரி, இந்த வாட்டி அவன் இல்ல. ஆனா உந்தம்பி கொணம் கொணந்தான்."

அவள் போய் டிவியை அணைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவந்த 'ங்க' அன்றைக்கு வாயில் வரவில்லை.

"இந்த வாட்டி இல்லன்னா எந்த வாட்டிய்யா? ஓடியாந்தா திருடன். வராம இருந்தா கல்நெஞ்சக்காரன். அவன் இன்னா பண்ணாதான் உனக்கு மனுசனா தெரிவான்? பத்து வருசமா ஒன்னா ஒக்காந்து துன்னவன்கிட்ட ஒரு வார்த்த கேக்க உனக்கு வாயில்ல. எவனோ கோட்டு போட்டவன் சொன்னா மட்டும் வேதமா? எம்பொண்ணு எந்தம்பி மடியிலதான் உக்காருவா. வர்றதுன்னா வா. இல்லன்னா இந்தப் பொட்டியக் கட்டிக்கினு அழு."

தட்டில் சோறு அப்படியே காய்ந்தது.

திருவாமாத்தூருக்கு எல்லாரும் வந்தார்கள். திருமுருகனும் வந்தான். சூர்யகலாவுக்கு மனசு கொஞ்சம் ஆறியது. கடைசியில் ஜெயித்துவிட்டோம் என்றுகூட நினைத்தாள். வீரமுத்து புதுவேட்டி கட்டி, சீர்த்தட்டை ஏந்தி வந்து சனங்களுக்கு நடுவில் வைத்தான். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, குழந்தைக்குப் பட்டுப் பாவாடை. தோடு இருந்த சின்ன டப்பாவுக்குப் பக்கத்தில், காற்றில் பறக்காமல் இருக்க எலுமிச்சம்பழத்தைப் பாரமாக வைத்து, நகைக்கடை பில்லை விரித்து வைத்திருந்தான். அவன் பெயரும் கடை முத்திரையும் நிற்கிறவர்கள் படிக்கத் தோதாகத் திரும்பியிருந்தன.

"இன்னாடா இது?" என்றாள் சூர்யகலா.

"கேப்பாங்கக்கா. கேக்கறதுக்கு மின்னாடி நாமளே வச்சிட்டா பேஜாரு இல்ல பாரு" என்று சொல்லிவிட்டு, அவன் ஆசாரிக்கு முன்னால் சம்மணமிட்டுப் பவானியை மடியில் வாங்கிக்கொண்டான்.

அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடச் சூர்யகலா கையை நீட்டினாள். அவளுக்கு முந்தித் திருமுருகன் குனிந்து, அதில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தான்.