மேல் நூல் சிவப்பு, கீழ் நூல் கறுப்பு

அந்தத் தை மாதம் திருவாரூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அறுவடை நின்றுபோயிருந்தது. ஒரு மரக்கால் நெல் கூடுதலாகக் கூலி கேட்டவர்களுக்குப் பண்ணையில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார் மிராசுதார். வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். வரப்பில் கைகலப்பானது. போலீஸ் பிடித்துப்போன ஆறு பேரில் தர்மாம்பாளின் கணவன் நடராசனும் ஒருவன்.

வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே பிடிமானம், சர்க்கார் விழாவில் கொடுத்த தையல் மெஷின். மூன்று மாதம் வகுப்புக்குப் போய் வாங்கியது. அவளை நம்பிப் பக்கத்து ஊர் ஹபீபுன்னிசா, மகள் கல்யாணத்துக்கு ஆறு ரவிக்கைத் துணி கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

புதன்கிழமை முதல் ரவிக்கையைத் தைத்துத் திருப்பிப் பார்த்தாள். மேலே தையல் சரியாக இருந்தது. அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு கிடந்தது. அடியில்தானே கோளாறு என்று, கீழ் நூல் உருளையை வைக்கும் பாபின் கேஸில் இருந்த சின்னத் திருகைத் தளர்த்தினாள். சரியாகவில்லை. மேல் நூலுக்கான திருகை இறுக்கினாள். அதற்கும் மசியவில்லை. பிரித்துப் பிரித்துத் தைத்ததில் துணியெல்லாம் ஊசித் துளை.

"ஓசியில வந்த மெஷினு, வேற எப்படி இருக்கும்? டெய்லரக் கூப்பிட்டுக் காட்டு" என்றாள் பக்கத்து வீட்டு ராமாயி.

"அவரு பண்ணை வீட்டுக்குத் தைக்கிறவரு. இப்ப நம்ம தெருவுக்குள்ள வருவாராக்கா?"

மறுநாள் காலை துணிகளை எடுத்துக்கொண்டு ஹபீபுன்னிசா வீட்டுக்கு நடந்தாள்.

"பாயம்மா, ஒண்ணு கெட்டுப்போச்சு. மத்த அஞ்சையும் வேற எடத்துல குடுத்துடுங்க."

ஹபீபுன்னிசா ரவிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்ததே இல்லை. "மேலயும் வெள்ளை, கீழயும் வெள்ளை. இதுல சுருண்டு கெடக்கறது எந்த நூலு?"

தர்மாம்பாளும் ரவிக்கையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"பாத்துட்டு வந்து சொல்லு. சாயங்காலம் வரைக்கும் துணி உங்கிட்டயே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் மேலே சிவப்பு நூல், பாபினில் கறுப்பு நூல் போட்டுப் பழைய வேட்டிக் கிழிசலில் நாலு விரற்கடை தைத்தாள். அடியில் சுருண்டிருந்தது சிவப்பு. அப்படியானால் கோளாறு மேலேதான். மேல் நூலை இறுக்கிப் பிடிக்க வேண்டியவை திருகுக்குப் பக்கத்திலிருக்கும் இரண்டு சின்னத் தட்டுகள். மடைப்பலகைக்கு அடியில் குச்சி சிக்கிக்கொண்டால் எவ்வளவு அழுத்தினாலும் தண்ணீர் ஒழுகத்தானே செய்யும்? ஊசியடியில் துணியை அழுத்தும் இரும்புக் காலைத் தூக்கினாள். தட்டுகள் தளர்ந்தன. நடுவே அறுந்த நூல் துணுக்கு ஒன்று பஞ்சோடு உருண்டு சீரகம் போல் சிக்கியிருந்தது. ஊசி முனையால் இழுத்தெடுத்தாள். காலைத் தூக்கியபடியே நூலைத் தட்டுகளுக்கிடையில் நன்றாக உள்ளே இறக்கிக் கோத்தாள். பிறகு காலை இறக்கித் தைத்தாள்.

அடியில் சுருள் இல்லை. ஆனால் மேலே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அது அவள் கைவேலை, நேற்றுத் தளர்த்திய சின்னத் திருகு. கொஞ்சம் இறுக்கித் தைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம். மூன்றாம் தடவை புள்ளிகள் மறைந்தன.

"ராமாயக்கா, இங்க வாங்க."

ராமாயி வந்து கிழிசலை இரு பக்கமும் தடவிப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் ஒண்ணு போலவே இருக்கே" என்றாள்.

சாயங்காலம் கிழிசலைப் பார்த்த ஹபீபுன்னிசா சிரித்துவிட்டாள். "சுருண்டது செவப்பா? அது சரி. கெட்டுப்போனதுக்கு என்ன வழி?"

"ஓரத்துல சரிகைப் பட்டி வச்சு மறைச்சுடறேன் பாயம்மா."

சனிக்கிழமை மதியம் ஆறு ரவிக்கையும் போய்ச் சேர்ந்தன. பட்டி வைத்ததைத்தான் மணப்பெண் முதலில் கையில் எடுத்தாள்.

அடுத்த வாரம் பேச்சுவார்த்தையில் அரை மரக்கால் கூட்டித் தர மிராசுதார் ஒப்புக்கொண்டார். ஆறு பேருக்கும் ஜாமீன் கிடைத்தது. நடராசன் வீடு வந்தபோது இரண்டு பெண்கள் துணியோடு காத்திருந்தார்கள். அவர்கள் போகும்வரை வாசலிலேயே நின்றான்.

"நாளைக்கு அறுப்புக்குக் கூப்பிட்டிருக்காங்க. வர்றியா?"

"காலையில வர்றேன். மத்தியானத்துக்கு மேல தைக்கணும்."

அவன் மெஷினைச் சுற்றி வந்து பார்த்தான். "இந்த மூலையில ஒனக்கு வெளிச்சமே இல்லியே" என்று சொல்லி, இரண்டு கையாலும் தூக்கி ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தான்.