மிச்சமான இடம்

தென்கொரியாவின் சாங்வொன் நகரில் கார்க் கதவு செய்யும் கம்பெனி அது. அங்கே கார்கள் முதலில் கணினிக்குள்தான் மோதிக்கொள்ளும். காரை லட்சக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் கணத்துக்குக் கணம் எப்படி நசுங்குகிறது என்று கணினி எழுதித் தள்ளும். எழுதியதை அழிக்க யாருக்கும் துணிவு கிடையாது. அழித்த மறுநாள்தானே மேலதிகாரிக்கு அது வேண்டியிருக்கும்! அதனால் கணினி வட்டுகள் எல்லாம் நிரம்பி வழிந்தன.

இதற்காக அங்கே வேலை பார்த்த தோன்ஹா என்ற இளைஞன் ஒரு மென்பொருள் எழுதியிருந்தான். ஒரே காரை வெவ்வேறு விதமாக மோதவிட்ட கணக்குகளில் முதலாவதை முழுசாக வைத்துக்கொள்ளும். மற்றவற்றில் மாறியிருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடும்.

மோதலைத் தாங்கக் கதவுக்குள் வைக்கும் இரும்புத் தண்டுக்கு ஒப்புதல் தர, கதவை வாங்கும் கார் கம்பெனியிலிருந்து பியோ என்ற அதிகாரி அன்று வந்திருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால் தண்டு செய்வதற்கான அச்சை வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். குழுத் தலைவர் மா கிதேவுக்குச் சும்மா இருக்க முடியுமா? வந்தவருக்கு மென்பொருளையும் காட்டச் சொன்னார். தண்டுக்குக் கணக்குப் போட்ட பொறியாளர் சொல்ஹீயின் ஆறு மோதல்களையே தோன்ஹா உள்ளே கொடுத்தான். தண்டின் ஆறு தடிமனுக்கு ஆறு மோதல்.

மற்றவர்களின் கணக்குகள் பாதியாகத்தான் சுருங்கியிருந்தன. இவளுடையது ஆறும் சேர்ந்து ஒன்றின் அளவுக்கு வந்து நின்றது.

"அடேங்கப்பா! பாத்தீங்களா சார்?" என்று மா கிதே துள்ளினார். "நம்ம சொல்ஹீ கணக்குல குப்பையே இல்ல. இன்னிக்குப் பன்றிக்கறியும் சோஜு சாராயமும் இவ பேர்லதான்!"

எல்லோரும் கைதட்டினார்கள். சொல்ஹீயும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தடிமன் துளி மாறினாலும் கதவுத் தகடு வேறு மாதிரிதான் மடங்கும். மாறியது ஒன்றுமே இல்லை என்றால் எப்படி?

மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். தடிமனை அவள் மாற்றியது ஒரு கோப்பில். கணினி எடுத்துப் படித்ததோ பக்கத்தில் கிடந்த அதன் பழைய நகலை. அதே தடித்த தண்டுதான் ஆறு தடவை மோதியிருக்கிறது.

அவளுக்குக் காது மடல் வரை எரிந்தது. வரைபடத்தில் ஆறு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்ததை இவள் பார்க்காமலா இருந்தாள்? பார்த்தாள். பார்த்துவிட்டு, 'தடிமன் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது, மெல்லிய தண்டே போதும்' என்று அறிக்கை எழுதினாள். எடையைக் குறை, எடையைக் குறை என்று மாதக்கணக்கில் நச்சரித்த மா கிதே, "பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கும்மா" என்று அவளைக் கொண்டாடினார். பாராட்டு இனித்தது. சந்தேகப்பட மனம் வரவில்லை. அதை நினைக்க இப்போது கூசியது.

பியோ பேனாவை எடுத்தார்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "ஆறும் ஒரே கணக்கு சார். துளிகூட மாறல."

மா கிதேதான் முதலில் சுதாரித்தார்.

"மென்பொருள் புதுசுதானே? அதுல ஏதோ கோளாறு. அப்படித்தானே தோன்ஹா?"

தோன்ஹா அவளைப் பார்த்தான். ராப்பகலாகக் கண்விழித்து வளர்த்த பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, "இருக்கலாம் சார்... சொல்ஹீ அக்கா கணக்குல தப்பு வராது" என்றான்.

எவ்வளவு சுலபமான வழி! ஒரு மூச்சு நேரம் அவள் மனமும் அந்த வழியில் போய்விட்டுத்தான் திரும்பியது. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அவன் எழுதுனது சரியாத்தான் இருக்கு சார். தப்பு என்னோடது. பழைய கோப்ப வச்சு ஓட்டிட்டேன்."

"உக்காரும்மா!" மா கிதே பல்லைக் கடித்தார். "விருந்தாளி முன்னால மானத்த வாங்காத."

பியோ அவரைக் கவனிக்கவில்லை. "சொல்லும்மா. மெல்லிசாப் போட்டா கதவு தாங்குமா, தாங்காதா?"

"தெரியாது சார். மெல்லிசுத் தண்ட நான் ஒரு தடவகூட மோதிப் பாக்கல."