வெண்கலத்தில் குனிந்த கழுத்து

களிமண்ணில் அப்பாவைப் பார்த்ததும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதே அகலக் காது, மோவாயில் அதே பள்ளம். அப்பாவின் நூறு வயதுக்காகத் தேயிலைத் தோட்டத்து நிர்வாகம் வைக்கும் சிலை அது. வெண்கலத்தில் வார்ப்பதற்கு முன் வந்து பார்க்கச் சொல்லி, சிற்பி ஜெஸ்டின் என்னை ஹாலிஎலவில் இருக்கும் தன் கொட்டகைக்குக் கூப்பிட்டிருந்தார். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. தலையில் தொப்பி இல்லை. கழுத்து குனிந்திருந்தது.

"சேர், எங்கப்பா பட்டாளத்துக்காரரு. ஏன் இப்பிடிக் குனிஞ்சிருக்காரு?"

"நான் பார்த்ததத்தாம்மா செஞ்சேன். ரெண்டு நாளும் அப்படித்தான் உக்காந்திருந்தாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவை உட்கார வைத்தது தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில். பக்கத்திலேயே தோட்டத்து மேனேஜர் தொரை நின்றிருக்கிறார். நாற்பது வருஷம், ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் எந்தத் தொரையைக் கண்டாலும் தலையில் இருப்பதைக் கழற்றிவிட்டுக் குனிந்து நின்ற மனுஷன். நூறு வயதில் அந்தக் கழுத்துக்கு என்ன தெரியும், இது சிலைக்கு என்று?

எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது எகிப்தில் எடுத்தது. பதினெட்டு வயது மத்தேயு, என் அப்பா, தொப்பியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, எவனுக்கடா பயம் என்கிற மாதிரி நிற்கிறார். சண்டைக்குக் கூட்டிப்போனபோது யாரும் குடியுரிமைப் பத்திரம் கேட்கவில்லை. திரும்பி வந்து இரண்டே வருஷத்தில், நீ இந்த நாட்டுக்காரனே இல்லை என்றார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் நாடில்லாதவராக வைத்திருந்துவிட்டு, இப்போது 'தேசத்தின் வீரமகன்' என்று சிலையின் பீடத்துக் கல்லில் வெட்டுகிறார்கள். கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

அந்தப் போட்டோவை ஜெஸ்டினிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இன்னும் வார்க்கலதானே சேர்? கழுத்த மட்டும் நிமித்திருங்க."

மறுவாரம் போன் வந்தது. "தொரை மாத்த வேணாங்கிறாரும்மா. இந்தப் பணிவுதான் அழகாம்."

திறப்புவிழா பெரட்டுக் களத்திலேயே நடந்தது. அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, பெட்டிக்குள் கிடந்த பட்டாளத்துத் தொப்பியை நானே அவர் தலையில் வைத்தேன். தொரை துணியை இழுத்தார். வெண்கல அப்பா வெறுந்தலையோடு குனிந்திருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் சனங்களும் தட்டினார்கள். அவர்கள்மேல்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

தொரை சிரித்துக்கொண்டே எங்களை நோக்கி வந்தார். அப்பாவின் கை தொப்பிக்குப் போனது. நான் ஒரு கையால் தொப்பியை அழுத்திப் பிடித்தேன்.

"தொரை வாறாரு, விடு றோசாலி."

"வரட்டும்ப்பா."

"ஐயோ, விடு புள்ள!"

கேமராக்காரர் என்னை விலகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் விலகவில்லை. மறுகையை அப்பாவின் மோவாய்க்கு அடியில் கொடுத்தேன். தொரை எதிரில் வந்து நின்றார். அப்பாவின் மோவாய் என் உள்ளங்கையை மெல்லக் கீழே தள்ளிக்கொண்டே இருந்தது.