பள்ளக்கொல்லையில் முளைத்த தும்பை

பள்ளக்கொல்லை முழுவதும் கறுப்பாகக் கிடக்க, கிழக்கு மூலையில் மட்டும் ஒரு முறம் அகலத்துக்குத் தும்பை முளைத்திருந்தது. அதை முதலில் பார்த்தது நைனாதான். ஓடிவந்து அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

"பாத்தியா ராஜாம்பா, அங்காளம்மா கண்ணத் தொறந்துட்டா."

எங்கள் நிலம் செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரத்தில் இருக்கிறது. மேல்கொல்லையில் வேர்க்கடலை போடுவோம், அதுதான் எங்களுக்குச் சோறு. பள்ளக்கொல்லையில் மழைத் தண்ணீர் நின்று எல்லாம் அழுகிவிடும். போன வருஷம் ஒரு லாரிக்காரர் வந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் கரிக்கு மேலே இருந்து தோண்டிப்போட்ட மண் குவிந்து கிடக்கிறது, பள்ளத்தை மேடாக்கிக்கொள்ளுங்கள், சும்மாவே தருகிறேன் என்றார். "கரி மண்ணு சார். ஒரமே போட வேணாம்." நைனாவை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. சரி என்றுவிட்டார்.

முதல் மழைக்கு அந்த மண்ணிலிருந்து துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் தண்ணீர் வடிந்தது. தீக்குச்சி உரசினால் வரும் வாசனை அடித்தது. அம்மா கீரை பறிக்கும் வரப்பில் மூக்கிரட்டை முதலில் கருகியது, பிறகு குப்பைமேனி. விதைத்த கேழ்வரகு விரல் உயரம் வந்து மஞ்சளாகி நின்றுவிட்டது. எங்கே பார்த்தாலும் ஓடிப் படரும் அருகம்புல்கூட அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

மாசி அமாவாசைக்கு நைனா மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போனார். மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் செய்வதுபோல, மயானச் சாம்பலை ஒரு பிடி துண்டில் முடிந்துகொண்டு வந்தார். அதைத் தூவினால் நிலம் விளையும் என்பார்கள். கிழக்கு மூலையில் நின்று தூவினார். சித்திரையில் கோடை மழை வந்தது. தும்பையும் வந்தது.

ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பக்கத்து நிலத்து துரைராஜ் மாமா வந்து ஒரு இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அம்மனே ஏற்றுக்கொண்ட மண் என்று, மேல்கொல்லையிலும் அதையே கொட்டச் சொல்லி நைனா லாரிக்காரருக்குப் போன் செய்தார்.

எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. அந்த மூலையில் வேறு சாம்பலும் இருந்தது. பொங்கலோடு என் பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து ஆடு ஓட்டுவது நான்தான். போகும்போது விறகு அடுப்புச் சாம்பலைக் கூடையில் கொண்டுபோய் அங்கேதான் கொட்டுவேன். நைனா தூவியது ஒரு பிடி. நான் கொட்டியது கூடை கூடையாக. அப்படியென்றால் தும்பை எந்தச் சாம்பலுக்கு முளைத்தது? ஒருவேளை அம்மன்தான் என்னை அங்கே கொட்டவைத்தாளோ? அப்படியானால் மண் நல்லது என்று ஆகிவிடுகிறது. ஆனால் சாம்பல் விழாத இடத்தில் ஒரு புல்கூட இல்லையே. யாரிடம் கேட்பது? கேட்டால் அம்மனைச் சந்தேகப்படுகிறேன் என்று ஆகாதா?

மறுநாள் காலையில் லாரி வந்து மேல்கொல்லைக்குப் பின்பக்கமாக ஏறியது. நைனா துண்டை ஆட்டி வழி காட்டினார். "நைனா" என்றேன். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அம்மாவின் காதில் சொன்னேன். அவள் அப்படியே கத்திவிட்டாள்.

"இந்தாய்யா, நிறுத்தச் சொல்லு! அந்த மூலைல இவ தெனம் அடுப்புச் சாம்பலக் கொட்டிருக்கா."

நைனா என் பக்கம் திரும்பினார். "அமாவாசைக்கு முன்னயா, பின்னயா?"

"முன்னயும் கொட்டினேன் நைனா. பின்னயும்."

"அம்மன் சாம்பல் மேலயே கொட்டுனியா?"

அவர் முகத்தில் இருந்தது கோபமா பயமா, தெரியவில்லை.

"சார், டீசல் எரியுது. கொட்டவா, வேணாமா?" என்றார் லாரிக்காரர்.

"பொங்கல்லேர்ந்து எங்கூட்டு அடுப்பு எரிஞ்சு மொளைச்சது ஒரு மொறம் தும்ப" என்றாள் அம்மா. "மேக்கொல்லைக்கு எத்தினி அடுப்பு மூட்டணும்? செஞ்சியவே கொளுத்தலாமா?"

லாரிக்காரர் சிரித்தார். நைனா சிரிக்கவில்லை.

"அப்ப அம்மன் ஒண்ணும் பண்ணலன்றியா?"

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நான் அப்பிடிச் சொல்வனா? மூலைக்கு அவளே பண்ணிருக்கட்டும். மீதிக் கொல்லையப் பாரு."

நைனா பார்த்தார். பிறகு என்னிடம், "நீ இன்னா சொல்ற?" என்றார்.

"தெரியல நைனா. ஆடு அந்தத் தும்பைல வாயே வைக்கல."

நைனா லாரிக்காரரிடம், "எடுத்துனு போப்பா" என்று கையை வீசினார்.

லாரி திரும்புவதற்குள் மேட்டிலிருந்து துரைராஜ் மாமா நைனாவைக் கூப்பிடும் குரல் கேட்டது. "அட முருகையா, அம்மன் குடுத்த மண்ண வேணாம்றியே! டிரைவரே, இங்க கொண்டா!"

அவர் நிலம் எங்களுக்கு மேலே. அங்கே பெய்கிற மழை மேல்கொல்லை வழியாகத்தான் வடியும். நைனா எப்படித் தடுப்பார்? அம்மன் கண் திறந்த கதையைச் சொன்னவரே அவர்தானே?

லாரி அங்கே போய் நின்றது. நான் வரப்பைத் தாண்டி ஓடினேன். என்ன சொல்வது என்று ஓடும்போதும் தெரியவில்லை.

"இன்னா வாணி?" என்றார் மாமா.

"அந்தத் தும்ப அம்மனால மொளைக்கல மாமா. என் சாம்பல்."

சொன்ன பிறகும் அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. மாமா எனக்குப் பின்னால் எட்டிப்பார்த்துக் கத்தினார். "இன்னாடா சொல்றா உம் பொண்ணு?"

லாரிக்காரர் மண்ணைக் கொட்டும் லிவரில் கை வைத்தபடியே காத்திருந்தார்.

"ஆமாண்டா" என்றார் நைனா. "அவ சாம்பல்தான். ஊரெல்லாம் நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

லாரி கொட்டாமலேயே செஞ்சி ரோட்டில் ஏறியது. நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மேல்மலையனூர் இருக்கும் பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை.