சொந்தமாகச் சிந்திப்பதற்கு ஒரு பயிற்சி

அறிவியல் டீச்சர் மூன்று வருடமாகக் கேட்டது ஆய்வகப் பயிற்சி. பள்ளிக்கு வந்த மைக்ராஸ்கோப்பை இயக்கத் தெரிந்த ஆளில்லாமல், அது பெட்டியோடு பீரோ மேல் குந்தியிருந்தது. கடைசியில் பயிற்சி நிதியிலிருந்து வந்து வாய்த்ததோ, 'மாணவர்களைச் சொந்தமாகச் சிந்திக்க வைப்பது எப்படி' என்ற இரண்டு நாள் வகுப்பு.

கோட்டு போட்ட பயிற்சியாளர் ஒருவர் வந்து, திரையில் இருந்ததை வரி விடாமல் வாசித்தார். எதிரில் இருந்த ஆசிரியர்களை எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள் என்று நினைத்துவிட்டார் போல. சந்தேகம் கேட்டால், "அது அடுத்த ஸ்லைடுல வரும்" என்றார். கடைசி வரை வரவே இல்லை. நாற்பது ஆசிரியர்களும் கொட்டாவியை மென்று விழுங்கினார்கள்.

இரண்டாம் நாள் மாலை கருத்துப் படிவம் கொடுத்தார்கள். ஐந்து கேள்விகளுக்கும் பதிலைப் பயிற்சியாளரே பலகையில் எழுதிப் போட்டார்.

"இதையே அப்படியே எழுதிடுங்க. ஏதாவது மாத்தினீங்கன்னா அடுத்த வருஷம் நிதி வராது."

பரீட்சையில் பிள்ளைகள் கழுத்தைத் திருப்பினாலே காதைத் திருகுகிற கணக்கு வாத்தியார்கூட, தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து எழுதினார். டீச்சரும்தான் எழுதினாள்.

"டீச்சர், எல்லார்கிட்டயும் வாங்கி மேஜையில வச்சிடுங்க," என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் காருக்குப் போய்விட்டார்.

வாங்கிப் புரட்டினாள். நாற்பதும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாகவே இருந்தன. கை தானாகப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தது. ஒன்று விடாமல் எழுதினாள்: 'பார்த்து எழுதியது. பூஜ்யம்.'

முதல் பூஜ்யம் அவள் தாளுக்கு.