இல்லை என்ற கட்டம்

…இருநூற்றுப் பன்னிரண்டு பேராம், தனித்தனி ஆட்களாம், ஒருவருக்கொருவர் உறவே இல்லையாம், மடியில் கிடந்த ஆய்வுப் போஸ்டர் குழாயை உடைத்து ஜன்னல் வழியே எறிந்துவிடலாமா என்றிருந்தது கவியாவுக்கு, பஸ் செங்கல்பட்டைத் தாண்டிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பக்கத்தில் பூவாயி, போன வருடம் படாளத்தில் வீடு வீடாகக் கூட்டிப்போய்ச் சர்க்கரை நோயாளிகளைக் காட்டிய அதே பூவாயி, பட்டுப்புடவையும் மல்லிகையுமாக, வாய் ஓயாமல், "என் தங்கச்சி பொண்ணத்தான் என் தம்பிக்குக் கட்றோம், கழுக்குன்றத்துல கல்யாணம், நீ ரத்தம் எடுத்தியே, அந்தக் கூட்டம் பூரா வந்துகினு கீது." எல்லாருமா அக்கா? "பின்ன இன்னா? அல்லாரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. வெளியாளுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" சிரிக்கிறாள்… இரண்டு மரபணுக்கள், தனித்தனியாக ஒன்றும் செய்யாது, சேர்ந்தால்தான் சர்க்கரை நோய், நோயாளிகளிடம் இரண்டும் தற்செயலை மீறிச் சேர்ந்தே வருகின்றன, இதுதான் அவளுடைய ஆய்வு வழிகாட்டி வாசுதேவன் சாரின் கண்டுபிடிப்பு, ஒரே குடும்பத்துக்குள் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டால் எதுதான் சேர்ந்து வராது, கோணல் மூக்கும் சுருட்டை முடியும்கூடச் சேர்ந்து வரும், அதற்கு நோய் எதற்கு, கணக்கு எதற்கு, மாமல்லபுரத்துக் கடற்கரை ஹோட்டலில் கருத்தரங்கு எதற்கு…

திருக்கழுக்குன்றத்தில் பூவாயி இறங்கிவிட்டாள். "இன்னாம்மா, பீரங்கியா? ஓரமா புடி," என்றார் கண்டக்டர், எல்லாரும் சிரித்தார்கள், சிரிக்கட்டும், இன்றைக்குச் சொல்லியே தீருவது, அத்தனை பேர் முன்னால், சார், நீங்கள் ஒரு நாளாவது படாளம் வந்தீர்களா, சீக்கிரம் சீக்கிரம் என்று போனில் விரட்டியதைத் தவிர என்ன செய்தீர்கள், யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்கத் தோன்றியதா… தோன்றியது. படிவத்தில் ஏழாவது கேள்வி, சொந்தத்தில் கல்யாணமா, ரத்தம் கொடுத்த மற்றவர்களோடு உறவு உண்டா, ஆம், இல்லை. அவர்தான் போட்டிருந்தார். கல்லூரி விடுதியில் ஒருமுறை, தன் அம்மாவும் அப்பாவும் மாமன் மகள் அத்தை மகன் என்று சொன்னபோது அறையே கெக்கலித்தது, அதற்குப் பிறகு அந்தக் கேள்வி யாரிடமும் அவள் வாயில் வரவில்லை, ஒரே மதியத்தில், ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து, இருநூற்றுப் பன்னிரண்டு படிவத்திலும், இல்லை, இல்லை, இல்லை, வால் நீண்ட டிக், அவளுடைய டிக்…

சிற்பிகளின் உளிச் சத்தம் கேட்டது, மாமல்லபுரம் வந்துவிட்டது. ஹோட்டல் வாசலில் வாசுதேவன் சார் கையாட்டினார். "வாம்மா. பிரிச்சுப் பாத்தியா? போஸ்டர்ல உன் பேரைத்தான் முதல்ல போடச் சொன்னேன்." அவள் பார்க்கவில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது, சூடாக, கொண்டுபோய் வைக்க இடமில்லாமல். அவர் குழாய்க்காகக் கையை நீட்டினார். அவள் இன்னும் கொடுக்கவில்லை.