பத்துமணிப்பூவுக்கு முந்தி வந்த நடுவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தேங்கிக் கிடந்த சரக்கைத் தள்ளிவிடத்தான் இந்தக் கதை. அரும்பு, மொட்டு, முகை, போது, அலர் என்று பூ விரிவதற்கான சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன், கேட்பாரில்லை. வெறுந்துணி விலைபோகாது, ஓர் ஆளுக்கு உடுத்திக் காட்டவேண்டும் என்பது கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவனுக்குத் தெரியும். அதனால் றுக்கியாவைக் கொண்டுவந்தேன்.

முதல் வரி: திருகோணமலைத் துறைமுகத்தின் நீலத்தில் ஒரு மலரைப்போல... (வேண்டாம். இந்த விலைக்கு ஒருவரும் வாங்கமாட்டார்கள்.)

2

துறைமுகத்தை அடுத்த ஒழுங்கையில் றுக்கியாவின் வீடு. மொட்டைமாடி முழுக்க, பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கான்களில் பத்துமணிப்பூச் செடி. தண்டை ஒடித்து நட்டாலே வேர்பிடிக்கும். ஆனால் வெயில் ஏறினால்தான் பூ விரியும்.

இன்று வீட்டுத்தோட்டப் போட்டி. பத்தரைக்கு நடுவர் வந்து நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடுவார். முதற்பரிசு, பஸ் நிலையத்தடியில் செடிக்கடை போட ஓர் இடம். கிடைக்காவிட்டால் நாளையிலிருந்து மச்சான் றிஸ்வியின் புடவைக்கடையில் துணி மடிக்கவேண்டும்.

நடுவர் சோமசேகரம் எட்டரைக்கே வந்துவிட்டார்.* ஒரு பூவும் விரியவில்லை.

* நம்பமாட்டீர்கள். நம் ஊரில் அழைக்கப்பட்டவர் நேரத்துக்கு முந்தி வந்தார் என்று எழுத எனக்கே கை கூசியது.

3

"என்ன தங்கச்சி, எல்லாம் இலையாக் கிடக்கு? பூவுக்குப் புள்ளி போட ஏலாதே."

"நல்லாப் பாருங்க சேர். ஊசிமுனை மாதிரி நிக்கிறது அரும்பு. உருண்டிருக்கிறது மொட்டு. பருத்து நிக்கிறது முகை. இந்தா, நிறம் காட்டுது, இது போது. விரியப்போற பூ."

"விரிஞ்சாத்தானே பூ?"

"கலியாணப் பொம்புளை உடுத்து வெளிக்கிட முந்திப் போய்ப் பார்த்திட்டு, வடிவில்லை எண்டு சொல்லுவீங்களா சேர்?"

சோமசேகரம் சிரித்துவிட்டார். கதிரை வந்தது. பிளேன்ரீ வந்தது. கதை நீண்டது, இரண்டாவது பிளேன்ரீயும் வந்தது.

[இந்த இடத்தில் விறுவிறுப்புக்காக வானத்தில் ஒரு முகிலைப் போட்டேன். வெயில் மறைந்து மப்புக் கட்டினால் இந்தப் பூ விரியாது. றுக்கியா நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள்.

"தம்பி, அந்த முகிலை எடுங்க."

"கதைக்கு ஒரு இடைஞ்சல் வேணும் ராத்தா."

"நேரத்துக்கு முந்தி வந்த மனுசன் காணாதா?"

"பாதி முகில்?"

"ஒரு துண்டும் ஏலாது. உங்கட சொல்லையெல்லாம் இவ்வளவு நேரமா நான்தானே வித்துத் தாறன். கூலிக்கு வெயிலைத் தாங்க."

நியாயமான வியாபாரம். முகிலை அடித்துவிட்டேன்.]

4

வெயில் மாடியில் இறங்கியது. ஓரத்துக் கானில் ஒரு மஞ்சள் இதழ் விட்டது. பக்கத்தில் ஒரு சிவப்பு. பிறகு எண்ண முடியவில்லை. ஊதாவும் வெள்ளையும் செம்மஞ்சளுமாக, சுவர் முதல் சுவர் வரை மாடியே வாய் திறந்தது. சோமசேகரம் கோப்பையைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார், குடிக்க மறந்துபோனார்.

"இதுதான் சேர் அலர்," என்றாள் றுக்கியா.

இரண்டாம் பரிசு என்று ஒரு முடிவை எழுதி வைத்திருந்தேன், யதார்த்தமாக இருக்குமென்று. றுக்கியா அதைப் புரட்டியும் பார்க்கவில்லை. ஆகவே சோமசேகரம் பேனையைத் திறந்து உங்களிடம் நீட்டுகிறார். புள்ளியை நீங்களே போடுங்கள். குறைத்துப் போட எண்ணமிருந்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன்: றுக்கியா உங்கள் பக்கம் திரும்பிவிட்டாள்.